600 ரூவா பூட்ஸ்

நான் நில அளவை வேலை பாக்கறேன். வீடு கிருஷ்ணகிரி, ஆபீஸ் ஓசூர், ஆனா வாரத்துல அஞ்சு நாள் காட்டுல தான் இருப்பேன், ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, சில சமயம் மாரண்டஹள்ளி பாலக்கோடு வரைக்கும் டோட்டல் ஸ்டேஷன்னு சொல்ற நிலம் அளக்கற மிஷின தோள்ல போட்டுக்கிட்டு நடக்கணும். இந்த பக்கத்து பூமி எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, கல்லு, சரளை, கருவேல முள்ளு, மழை பேஞ்சா செம்மண்ணு காலோட ஒட்டிக்கிட்டு ஒரு ஒரு காலும் ரெண்டு கிலோ கனக்கும். பாம்பு பயம் வேற. சாதா ஷூ மூணு மாசம் தாங்காது. கணுக்காலுக்கு மேல வர்ற தோல் பூட்ஸ் தான் சரி, ஆனா புதுசா நல்லதா வாங்கணும்னா 6,000, 7,000 ஆவுது, அதனால தான் செகண்ட் ஹேண்டு பக்கம் போனேன்.

மொதல்ல வாங்கின ஜோடி என்னாச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா யாரும் அதே மாதிரி ஏமாறக்கூடாது. ஆன்லைன்ல ஒருத்தர் போட்டோ போட்டிருந்தாரு, வாங்கி நாலஞ்சு வருஷம் ஆச்சு, ரெண்டு தடவ தான் போட்டேன், பொட்டியிலேயே வெச்சிருந்தேன்னாரு. பாத்தா உண்மையிலேயே புதுசு மாதிரி தான் இருந்துச்சு, தோல்ல ஒரு கீறல் இல்ல. 1,800 குடுத்து வாங்கினேன். மூணாவது வாரம், ஐப்பசி மழை, ராயக்கோட்டை பக்கம் ஒரு ராகி காட்ட அளந்துட்டு இருக்கோம், சேத்துல இருந்து வலது கால தூக்குனா சோல் அப்படியே சேத்துலயே நின்னுடுச்சு. கையில எடுத்து பாத்தா நனைஞ்ச ரஸ்க் மாதிரி உதிருது. மிச்ச நாள் முழுக்க பூட்ஸ சணல் கயித்துல கட்டிக்கிட்டு தான் வேலைய முடிச்சேன்.

அந்த ஆள் பொய் சொல்லலங்க. ரெண்டு தடவ தான் போட்டிருப்பாரு, பிரச்சனையே அது தான். அந்த சோல் பாலியூரித்தேன், கடைக்காரங்க பியூ சோல்னு சொல்றது. லேசா இருக்கும், மெத்துனு இருக்கும், அதனால சேஃப்டி ஷூவுல நிறைய போடறாங்க. ஆனா காத்துல இருக்கற ஈரம் அதுக்குள்ள போயி கொஞ்சம் கொஞ்சமா அந்த பிளாஸ்டிக்க உள்ளேயே ஒடச்சிக்கிட்டு இருக்கும், நாம போட்டாலும் போடலனாலும். பொட்டிக்குள்ள அடைச்சு வெச்சிருந்தா காத்தோட்டம் இல்லாம இன்னும் சீக்கிரம் போகும். அஞ்சாறு வருஷம் ஆன பியூ சோல நம்பவே கூடாது. செகண்ட் ஹேண்டுல "போடவே இல்ல, பொட்டியோட இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னா மத்த பொருளுக்கு அது நல்ல சேதி, பூட்ஸுக்கு மட்டும் எந்த வருஷம் வாங்கினதுன்னு திருப்பி கேளுங்க. சோலோட பக்கவாட்டுல கட்ட விரல் நகத்தால அழுத்துங்க, அப்படியே பள்ளமா நின்னுச்சுனாலோ பிசுபிசுன்னு இருந்தாலோ மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிஞ்சாலோ வெச்சிட்டு வந்துடுங்க. ரப்பர் சோல் வேற, அது தேயும், இறுகும், ஆனா இந்த மாதிரி திடீர்னு கைய விரிக்காது.

ரெண்டாவது ஜோடிக்கு நேர்லயே போயிடலாம்னு முடிவு பண்ணி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணி பஸ்ஸ புடிச்சு பெங்களூரு போனேன், கே.ஆர். மார்க்கெட் பக்கத்துல ஞாயித்துக்கிழமை மட்டும் ரோட்டோரமா சந்தை போடுவாங்க, பழைய டூல்ஸு, வாட்ச்சு, துணி, செருப்பு எல்லாம் கொட்டி கெடக்கும். சீக்கிரம் போகணும், வெயில் ஏறிடுச்சுனா நல்லதெல்லாம் போயிடும். அங்க தார்ப்பாய்ல ஒரு குவியல் ஷூ. எல்லாத்துக்கும் மேல கருப்பு பாலிஷ அப்பி அப்பி பளபளன்னு வெச்சிருந்தாங்க, பிரவுன் பூட்ஸுக்கு கூட கருப்பு பாலிஷ். அந்த பளபளப்ப பாத்தீங்கன்னா தப்பு பண்ணிடுவீங்க. பூட்ஸ் வாங்கும்போது மேல் பக்கத்த கடைசியா பாக்கணும், நான் இப்ப பாக்கற வரிசையே வேற.

மொதல்ல கவுத்து போட்டு அடியப் பாப்பேன். அப்புறம் உள்ள கைய விட்டு துழாவுவேன், குதிகால் பக்கம் உள் தோல் கிழிஞ்சிருக்கா, இன்சோல்ல, அதாவது உள்ள காலுக்கு அடியில இருக்கற மெத்தையில, முன்னாடி ஆளோட கால் எவ்ளோ ஆழமா பதிஞ்சிருக்குன்னு. ஒருத்தர் ரொம்ப வருஷம் போட்டு அவர் விரலோட பள்ளம் அப்படியே நின்னிருந்தா நம்ம கால் அதுக்குள்ள உக்காராது, சைஸ் சரியா இருந்தாலும் வலிக்கும். சைஸும் பாத்து வாங்கணும், நம்ம ஊர்ல யூகே நம்பர், வெளிநாட்டு சரக்குல யூஎஸ் நம்பர் இருக்கும், யூஎஸ் 9-னா நம்ம 8 வாக்குல தான் வரும், ஐரோப்பா நம்பர்ல அது 42. நம்பர நம்பாம போட்டு நடந்து பாக்கறது தான் ஒரே வழி, அதுவும் காட்டுக்கு போடற சாக்ஸோட.

அடுத்தது விரல் மடியற இடம். அங்க தான் பூட்ஸோட ஆயுசு எழுதியிருக்கும். சுருக்கம் இருந்தா பரவால்ல, நல்ல தோல்னா சுருக்கம் விழத்தான் செய்யும். ஆனா மடிப்ப விரிச்சு பாக்கும்போது அந்த கோட்டுல தோலோட நார் தெரியற மாதிரி வெடிச்சிருந்தா அத எந்த கிரீமாலயும் சேக்க முடியாது. வெடிச்சது வெடிச்சது தான். இன்னொன்னு, மேல ஒரு படலம் ஊதி ஊதி உரியற மாதிரி இருந்துச்சுனா அது மட்டமான அடித்தோலுக்கு மேல பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தது, அதையும் ஒன்னும் பண்ண முடியாது. நல்ல தோலான்னு தெரியணும்னா கட்ட விரலால லேசா அமுக்குங்க, சுத்தி மெல்லிசா ரேகை ரேகையா ஓடும், விட்டதும் மறைஞ்சிடும். பூச்சு போட்டது ரப்பர் மாதிரி ஒரே குழியா அமுங்கும்.

குவியல்ல அடியில ஒரு பிரவுன் ஜோடி இருந்துச்சு. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு, வெள்ளை வெள்ளையா பூத்து, காஞ்சு, லேஸ் ஒன்னு இல்ல, கண்ணி ஓட்டை சுத்தி பச்ச பச்சையா கறை. ஆனா அடி ரப்பர், சுத்தி தையல் ஓடியிருக்கு. அந்த தையல் தான் என்ன நிக்க வெச்சுது. சோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவுல ஒரு தோல் பட்டை சுத்தி வரும், வெல்ட்டுன்னு சொல்வாங்க, மேல்தோல அந்த பட்டையோட தைச்சு அந்த பட்டைய சோலோட தைப்பாங்க. குட்இயர் வெல்ட்டுன்னு பேரு, டயர் கம்பெனி கண்டுபுடிச்சது இல்ல, ரப்பர வல்கனைஸ் பண்ற முறைக்கு 1844-ல பேட்டன்ட் வாங்கின சார்லஸ் குட்இயரோட மகன் பேர்ல வந்தது, அவர் காலத்துல அந்த தையல் மிஷினு வந்துச்சு. நமக்கு இதுல லாபம் என்னன்னா சோல் தேஞ்சா தையல பிரிச்சு வேற சோல் போடலாம், மேல்தோல் அப்படியே இருக்கும். வெறும் பசையில ஒட்டினதுக்கு அந்த வசதி கம்மி. ஆனா ஒன்னு, சில கம்பெனி ஒட்டின சோலுக்கு மேல சும்மா அழகுக்கு தையல் மாதிரி அச்சு போட்டிருப்பாங்க, நூல நகத்தால நெருடி பாருங்க, நெஜ நூல்னா மேடு தட்டும்.

1,200 சொன்னாரு, நான் 500 கேட்டேன், 600-க்கு முடிஞ்சுது. லேஸுக்கு அடியில இருக்கற நாக்கு உள்பக்கம் அழிஞ்சும் அழியாமலும் மேட் இன் இந்தியான்னு இருந்துச்சு. நம்ம கிருஷ்ணகிரி ரவுண்டானாவுல இருந்து சென்னை ரோட்டுல ஏறுனா பர்கூர் தாண்டி ஒன்னரை மணி நேரத்துக்குள்ள வாணியம்பாடி, அதுக்கப்புறம் ஆம்பூர், பஸ் ஜன்னல தொறந்து வெச்சிருந்தா ஊர் வர்றதுக்கு முன்னாடியே தோல் ஷாப்பு வாசனை வரும். உலகம் பூரா போற ஷூவுக்கு அங்க தான் தோல் பதப்படுத்தறாங்க, ஷூவும் தைக்கறாங்க. என் கையில இருந்தது அங்க இருந்து போனதான்னு எனக்கு தெரிய வழியில்ல, ஆனா பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டு வரும்போது அப்படி நெனைச்சுக்கவே நல்லா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலை அந்த வெள்ளை பூத்தது என்னன்னு கண்டுபுடிக்கறது. மூணா இருக்கலாம். ஈரத்துணியில தொடச்சதும் கரைஞ்சு போயி காஞ்சதும் திரும்ப வந்தா அது வேர்வை உப்பு. ஹேர் டிரையர தூரத்துல புடிச்சு லேசா சூடு காட்டினா உருகி உள்ள போச்சுனா அது தோலுக்குள்ள இருந்த கொழுப்பு வெளிய வந்தது, அதுல பயப்பட ஒன்னும் இல்ல. ரெண்டும் இல்லாம பஞ்சு மாதிரி, மக்குன வாசனையோட இருந்தா பூஞ்சை. எனக்கு வாய்ச்சது பூஞ்சை. அத வீட்டுக்குள்ள தட்டாதீங்க, விதை எல்லா ஷூவுக்கும் பரவும், மாடிக்கு எடுத்துட்டு போயி மூக்க கட்டிக்கிட்டு காஞ்ச பிரஷ்ஷால தள்ளி விடணும். அப்புறம் மெடிக்கல்ல விக்கற சர்ஜிக்கல் ஸ்பிரிட்ட பாதிக்கு பாதி தண்ணி கலந்து துணியில நனைச்சு உள்ளயும் வெளியவும் தொடச்சேன். ஸ்பிரிட்டு சாயத்த எடுத்துடும், அதனால நாக்குக்கு அடியில கண்ணுக்கு தெரியாத எடத்துல மொதல்ல தொட்டு பாக்கணும். இன்சோல் கழட்ட வந்துச்சு, அத தூக்கி போட்டுட்டு 120 ரூவாய்க்கு புதுசு வாங்கினேன். அடுத்தவங்க கால் வேர்வையில ஊறின இன்சோல காப்பாத்தணும்னு நெனைக்காதீங்க.

கண்ணி ஓட்டையில இருந்த பச்சை, பித்தளையும் தோல்ல இருக்கற கொழுப்பும் சேந்து வர்றது. பல்குத்தற குச்சியால சுரண்டி இயர்பட்ஸால தொடச்சா வந்துடும். நாக்கு பக்கவாட்டுல சேர்ற மடிப்பு இருக்கு பாருங்க, அங்க எந்த ஊர் மண்ணோ ரெண்டு ஸ்பூன் இருந்துச்சு, கருப்பா, நைஸா, நம்ம பக்கத்து செம்மண்ணு இல்ல. பழைய டூத் பிரஷ்ஷால அத முழுசா எடுங்க, அந்த மண்ணு தான் ஒவ்வொரு தடவ நடக்கும்போதும் உப்புத்தாள் மாதிரி தையல அறுக்கறது.

அதுக்கப்புறம் தான் சோப்பு. துணி சோப்பு, பாத்திர சோப்பு வேண்டவே வேண்டாம். தோல் கொஞ்சம் புளிப்பு தன்மை உள்ளது, சோப்பு காரம், ஒன்னோட ஒன்னு ஒத்து போகாது. சாடில் சோப்புன்னு தனியா டப்பாவுல வருது, குதிரை சேணத்துக்கு செஞ்சது, அதுலயும் காரம் உண்டு ஆனா மெழுகும் கிளிசரினும் சேத்திருப்பாங்க. அதையும் நொரைய மட்டும் தான் துணியில எடுத்து தேய்க்கணும், தண்ணிய ஊத்தக்கூடாது, தேய்ச்சதும் வேற ஈரத்துணியால ரெண்டு தடவ நல்லா தொடச்சு எடுத்துடணும். மொத துணி கருப்பா வந்துச்சு, ரெண்டாவது கருப்பு, மூணாவதுல தான் பிரவுன் தெரிஞ்சுது. எத்தன வருஷ பாலிஷோ. நாலாவது துணியில அடியில இருந்த நெஜ கலர் வந்துச்சு பாருங்க, நல்லா பழுத்த புளியம்பழ ஓடு கலரு, நான் அப்படியே கொஞ்ச நேரம் உக்காந்து அதையே பாத்துட்டு இருந்தேன்.

காய வெக்கறது தான் நெறைய பேர் கெடுக்கற எடம். ஒரு தடவ என் வேற ஒரு ஷூவ சித்திரை வெயில்ல மொட்ட மாடி தகர ஷீட்டு மேல வெச்சிட்டு போயிட்டேன், சாயங்காலம் வந்து பாத்தா வடகம் மாதிரி வெறச்சு கெடக்கு, முன்பக்கம் மேல தூக்கிக்கிச்சு, அப்புறம் கால் உள்ள போகவே இல்ல. ஈரமா இருக்கற தோலுக்கு சூடு ஆகாது, அதுக்குள்ள இருக்கற நார் சுருங்கினா சுருங்கினது தான். அதனால ஃபேனுக்கு அடியில, நெழல்ல, உள்ள நியூஸ் பேப்பர கசக்கி திணிச்சு, பக்கவாட்டுல சாய்ச்சு வெச்சேன், அடிக்கும் காத்து படணும்னு. பேப்பர காலையில ஒரு தடவ ராத்திரி ஒரு தடவ மாத்தி ரெண்டு நாள். மழைக்காலத்துல மூணு நாள் கூட ஆகும். அவசரப்பட்டு உள்ள ஈரத்தோட எண்ணெய போட்டு மூடினா பூஞ்சை திரும்பி வரும்.

இப்ப எண்ணெய் விஷயம். இதுல எனக்கும் எங்க ஆயாவுக்கும் பெரிய பேச்சு நடந்துச்சு. எங்க தாத்தாவுக்கு ஊர்ல தைச்சு வாங்கின தோல் செருப்பு இருந்துச்சாம், புதுசா வந்ததும் வெளக்கெண்ணெயில ஊற வெச்சு தான் போடுவாராம், அஞ்சு வருஷம் ஆறு வருஷம் வருமாம். "அந்த எண்ணெயவே தடவுடா, காசு குடுத்து எதுக்கு டப்பா வாங்கற"ன்னு ஆயா. அவங்க சொன்னது தப்பே இல்ல, ஆனா அந்த தோல் வேற. முன்னாடி நம்ம பக்கம் தோல ஆவாரம் பட்டையில ஊற வெச்சு கடைசியா கடுக்காய் போட்டு பதப்படுத்துவாங்க, அப்புறம் வாட்டில் பட்டை வந்துச்சு. தர்மபுரி ரோட்டோரம் மஞ்ச மஞ்சயா பூத்து நிக்குதே அதே ஆவாரம் தான். இந்த வழியில பதப்படுத்தின தோலுக்கு ஈஸ்ட் இந்தியா லெதர்னு பேரு, புவிசார் குறியீடு கூட வாங்கியிருக்கு. அந்த தோல் கெட்டியா விறைப்பா இருக்கும், எண்ணெய நல்லா குடிக்கும், குடிச்சா தான் வளையும். இப்ப வர்ற பூட்ஸ் மேல்தோல் பெரும்பாலும் குரோமியம் உப்புல பதப்படுத்தினது, அது வரும்போதே இளக்கமா இருக்கும், ஃபேக்டரியிலயே எண்ணெய உள்ள ஏத்தி அனுப்பியிருப்பாங்க. வித்தியாசம் தெரியணும்னா வெட்டு ஓரத்த பாருங்க, சாயம் போகாத எடத்துல சாம்பல் நீலமா தெரிஞ்சா குரோம், உள்ள வரைக்கும் பழுப்பா இருந்தா பட்டையில பதப்படுத்தினது.

ஆயா பேச்ச கேட்டு அந்த சோல் போன பழைய ஜோடியில ஒரு கால்ல வெளக்கெண்ணெய் தடவி பாத்தேன், கை நெறைய. தோல் கருத்து தொளதொளன்னு ஆச்சு, ஒரு வாரம் பிசுபிசுன்னு இருந்துச்சு, ரோட்டு தூசி எல்லாம் அப்பிக்கிச்சு, பாலிஷ் போட்டா நிக்கவே இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எனக்கு பழக்கமான செருப்பு தைக்கற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட காட்டினேன். வாங்கி வளைச்சு பாத்துட்டு, "தம்பி, பசிக்கு சோறு போடணும், வாய்க்குள்ள திணிக்கக்கூடாது"ன்னாரு. எவ்ளோ போடணும்னு கேட்டேன். "உன் மூஞ்சிக்கு கிரீம் எவ்ளோ போடுவ, அவ்ளோ தான்"னாரு. அதுக்கப்புறம் நான் அந்த அளவ மீறினதே இல்ல.

தேன்மெழுகும் லேனோலினும் கலந்த கண்டிஷனர் ஒரு டப்பா வாங்கினேன், லேனோலின்னா ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்கற கொழுப்பு. ஒரு காலுக்கு ரெண்டு பட்டாணி அளவு, விரலாலயே தேய்க்கணும், விரல் சூட்டுல மெழுகு எளகி ஓடும், துணியில எடுத்தா பாதி துணிக்கே போயிடும். மடியற எடத்துக்கும் வெல்ட்டு ஓரத்துக்கும் கொஞ்சம் கூட. ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில பாத்தா மடிப்புல மட்டும் மறுபடி காஞ்ச மாதிரி இருந்துச்சு, அங்க மட்டும் இன்னொரு பட்டாணி. மத்த எடத்துல மேலயே நின்ன மிச்சத்த துணியால தொடச்சு எடுத்துட்டேன். தோல் போதும்னு சொல்லும், நின்னு போன மிச்சம் தான் அந்த பேச்சு. கலர் ஒரு படி கருக்கும், அது சகஜம், ஒரு மாசத்துல கொஞ்சம் தெளியும். தேங்காண்ணெய் போடலாமான்னு ஃப்ரெண்டு கேட்டான், வேண்டாம்டான்னேன், தளி பக்கம் மார்கழி காலையில தேங்காண்ணெய் பாட்டிலுக்குள்ளயே ஒறைஞ்சு நிக்கும், தோலுக்குள்ளயும் அப்படி தான் ஒறைஞ்சு வெள்ளையா வெளிய பூக்கும்.

பாலிஷ் கடைசி. கண்டிஷனர் தோலுக்கு உள்ள, பாலிஷ் தோலுக்கு மேல, ரெண்டும் வேற வேற வேலை. காட்டு பூட்ஸுக்கு மெழுகு பாலிஷ் ரொம்ப தேவையில்ல, விரல் நுனியிலயும் குதிகாலிலயும் மட்டும் லேசா பூசி குதிரை முடி பிரஷ்ஷால இழுத்தேன். கலர் இல்லாத நியூட்ரல் தான் போட்டேன், அந்த புளிய ஓட்டு கலர மறுபடி மூட மனசு வரல.

அந்த அண்ணன் கிட்ட எடுத்துட்டு போனேன். அவர் மேல் பக்கத்த ஒரு பார்வை கூட பாக்கல, நேரா கவுத்துட்டாரு. இடது குதிகால் ஒரு பக்கமா தேஞ்சிருந்துச்சு, முன்னாடி போட்டவர் அந்த கால சாய்ச்சு நடந்திருப்பாரு போல. "இத இப்படியே போட்ட, உன் முட்டி சொல்லும்"னு சொல்லி பழைய ஹீல் ரப்பர நெம்பி எடுத்து, சொல்யூஷன் தடவி காய விட்டு, புது ரப்பர் வெச்சு ஆணி அடிச்சு ஓரத்த சீவி விட்டாரு. வலது கால் வெல்ட்டுல நாலு விரல் நீளத்துக்கு தையல் விட்டிருந்தத, நூல மெழுகுல இழுத்து, குத்தூசிய பழைய ஓட்டையிலயே விட்டு விட்டு கையால தைச்சாரு, புது ஓட்டை போட்டா பட்டை கிழிஞ்சிடும்னு. முக்கால் மணி நேர வேலை. 180 கேட்டாரு, 250 குடுத்தேன், அதுவே கம்மி தான்.

ஆக பூட்ஸ் 600, இன்சோல் 120, லேஸ் 40, தைச்ச கூலி 250, 1,010 ரூவா. டப்பா பிரஷ்ஷு செலவு தனி, அது இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வரும். பஸ் செலவ சேக்கல.

எட்டு மாசமா போட்டுட்டு இருக்கேன். சாயங்காலம் வந்ததும் லேஸ தளத்தி நாக்க வெளிய இழுத்து வெச்சு பிரஷ் அடிக்கறேன், ரெண்டு நிமிஷம். முடிஞ்சா ஒரு நாள் விட்டு ஒரு நாள் தான் போடறேன், நடுவுல ஒரு நாள் கால் வேர்வை காயணும். கண்டிஷனர் இந்த எட்டு மாசத்துல ரெண்டே தடவ. கடைசி தடவ போட்டது போன வாரம், அஞ்செட்டி காட்டுல மூணு நாள் மழையில நனைஞ்சு வந்தப்ப. வலது கால் சுண்டு விரல் பக்கம் மட்டும் ஒரு முள்ளு ஆழமா கீறியிருக்கு, தோல் அறுக்கல, பள்ளம் தான். முன்பக்க சோல்ல பல்லு பாதி தேஞ்சிருக்கு. தை மாசம் வரைக்கும் தாங்கும்னு அண்ணன் சொல்றாரு, அப்ப முழு சோலும் மாத்தணும், ஆம்பூர்ல இருந்து நல்ல ரப்பர் ஷீட்டு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காரு, 8 சைஸுக்கு ரெண்டு துண்டு.